கோஷா ஆஸ்பத்திரியைத் தந்த டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார்

சென்னைத் திருவல்லிக்கேணியில், கடற்கரைக்குச் சற்றுத் தொலைவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகையில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று எழுதியிருக்கும். ஆனால் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். நம் செங்கற்பட்டிலும், திருக்கழுக்குன்றத்திலும், மாமல்லபுரத்துக் கடலோரக் குப்பங்களிலும் பிள்ளைப்பேற்றுக்காகவோ அறுவைச் சிகிச்சைக்காகவோ அங்கே போய் வந்த பாட்டிமார் உண்டு. அந்த மருத்துவமனை தோன்றக் காரணமாயிருந்தவர் ஓர் ஆங்கில மாது. மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து, பின்னாளில் இங்கிலாந்தின் சிறந்த பெண் அறுவை மருத்துவர்களுள் ஒருவரானவர். அவர்தாம் டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார்.

1845-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அவர் லண்டனில் பிறந்தார். பிறந்த பத்தாம் நாள் அவருடைய தாய் இறந்துபோனார். காரணம் பிரசவ ஜன்னி. தாய்முகம் அறியாத அந்தக் குழந்தையைத் தாத்தாவும் பாட்டியும் கண்டிப்பும் பக்தியும் நிறைந்த வீட்டில் வளர்த்தார்கள்.

பிரசவ ஜன்னி என்ற சொல்லை இன்றைய மாணவிகள் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டிகளுக்கு அது நன்றாகத் தெரியும். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிடும். வீட்டார் மகிழ்ந்திருப்பார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தாய்க்குக் குளிர் எடுக்கும். காய்ச்சல் ஏறும். அடிவயிறு வீங்கித் தொடமுடியாதபடி வலிக்கும். பிதற்றல் தொடங்கும். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நஞ்சுக்கொடி பிரிந்து வந்த இடம் கருப்பையின் உள்ளே ஆறாத ஒரு பெரிய ரணமாகவே இருக்கிறது. அந்த ரணத்தில் கிருமி புகுந்து சீழ் வைத்து, இரத்தத்தில் கலந்துவிடுவதே பிரசவ ஜன்னி. வயிற்றைக் கீறிச் செய்யும் அறுவையில் தையல் போட்ட இடம் சீழ் வைப்பதும் இதே கதைதான். ஒன்று கண்ணுக்குத் தெரியாத உட்புண், மற்றொன்று கண்ணுக்குத் தெரியும் வெளிப்புண். அவ்வளவே வேறுபாடு.

மேரிக்கு இரண்டு வயது நடக்கும்போது, 1847-இல், வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஹங்கேரி நாட்டு இளம் மருத்துவர் ஒருவர் ஒரு புதிரை விடுவித்தார். அவர் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். முதல் வார்டில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் வரை பிரசவ ஜன்னியால் மாண்டார்கள். இரண்டாம் வார்டிலோ நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஏழைப் பெண்களுக்கும் இது தெரிந்திருந்தது. முதல் வார்டில் சேர்க்க வேண்டாம் என்று மன்றாடுவார்களாம். படித்த மருத்துவர்கள் இருக்கும் வார்டில்தான் சாவு அதிகம் என்பது எவ்வளவு கசப்பான உண்மை! நாட்டு மருத்துவச்சியின் அறியாமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கணக்கையும் நாம் நினைத்துக்கொள்வது நியாயம்.

செம்மல்வைஸின் நண்பரான ஒரு பேராசிரியர், பிணப் பரிசோதனையின்போது விரலில் கத்தி பட்டு, சில நாட்களில் இறந்தார். அவருடைய உடலில் கண்ட மாறுதல்கள் ஜன்னி கண்ட தாய்மாரின் உடலில் கண்டவையாகவே இருந்தன. அப்போதுதான் செம்மல்வைஸுக்கு உண்மை பளிச்சிட்டது. மாணவர்கள் காலையில் பிணவறையில் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வந்து தாய்மாரைப் பரிசோதித்தார்கள். மரணத்தைக் கையிலேயே சுமந்து வந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகளை நன்றாகக் கழுவிய பிறகே வார்டுக்குள் நுழையவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். 1847 ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. ஒரு வாளி நீரும் கொஞ்சம் குளோரின் சுண்ணாம்பும்தான் செலவு!

உலகம் அவரைக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. தங்கள் கைகளே கொலை செய்தன என்பதைப் பெரிய மருத்துவர்கள் பலர் ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். செம்மல்வைஸ் மனமுடைந்து, கடைசியில் வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, 1865 ஆகஸ்ட் 13-ஆம் நாள் மாண்டார். உடலில் ஏற்பட்ட காயம் சீழ் வைத்து இரத்தம் கெட்டதே அவருடைய மரணத்துக்கும் காரணம். வயது 47.

சரித்திரத்தில் சில தேதிகள் நம்மைத் திடுக்கிடச் செய்யும். அவர் மாள்வதற்கு ஒரு நாள் முன்பு, 1865 ஆகஸ்ட் 12-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனின் காயத்தைக் கார்பாலிக் அமிலம் தோய்ந்த துணியால் கட்டினார். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு என்றால் அக்காலத்தில் காலை வெட்டிவிடுவார்கள். இல்லையென்றால் அழுகி உயிர் போகும். இந்தச் சிறுவனுக்கோ காயம் சீழ் வைக்காமல் ஆறியது. பாலும் திராட்சை ரசமும் புளித்துக் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று பிரான்சில் லூயி பாஸ்டர் கண்டறிந்ததைப் படித்து, புண் கெடுவதற்கும் அவைகளே காரணமாக இருக்கவேண்டும் என்று லிஸ்டர் ஊகித்தார். அந்த ஊகம் பலித்தது.

அதே 1865-ஆம் ஆண்டு டிசம்பரில் மேரி, வில்லியம் ஷார்லீப் என்ற இளம் வழக்கறிஞரை மணந்தார். வில்லியம் சென்னையில் தொழில் செய்யப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர். பெற்றோருக்கு இந்தத் திருமணத்தில் முதலில் விருப்பமில்லை. மகளைக் கடல் கடந்து அனுப்ப எந்தத் தாய் தந்தைக்குத்தான் மனம் வரும்? இருந்தும் 1866-இல் புது மணமக்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

வில்லியம் சட்டப் பத்திரிகை நடத்தினார். மேரி அதற்கு உதவி செய்தார். குழந்தைகள் பிறந்தன. வேலைக்கு ஆட்களும் வண்டியும் தோட்டமும் உள்ள ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண்மணி, நம் ஊர் வெயிலைக் குறை கூறிக்கொண்டு காலம் கழித்திருக்கலாம். ஆனால் கணவரின் அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் மூலமாக அவர் காதில் விழுந்த செய்திகள் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. கோஷா முறையில் திரைக்குள் வாழும் முஸ்லிம் பெண்களும், உயர்குலத்து இந்துப் பெண்கள் பலரும், உயிர் போனாலும் ஆண் மருத்துவரின் முகத்தில் விழிப்பதில்லை. பெண் மருத்துவரோ கிடையாது. இருட்டறையில், பழந்துணியில், கழுவாத கையால் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தால் தாயும் சேயும் இரண்டு மூன்று நாட்கள் வதைபட்டு மடிவார்கள். பிழைத்தவர்களிலும் பலர் சிறுநீர் ஓயாமல் கசியும் ரணத்தோடும், நாற்றத்தோடும், வீட்டாரின் வெறுப்போடும் வாழ்நாளைக் கழித்தார்கள். தாயைப் பறிகொடுத்துப் பிறந்த பெண்ணின் உள்ளத்தில் இவையெல்லாம் எப்படித் தைத்திருக்கும் என்பதை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

அக்காலத்தில் நம் செங்கற்பட்டு ஜில்லாவின் கடலோரப் பெண்ணுக்கு இத்தகைய துன்பம் நேர்ந்தால் என்ன செய்திருப்பாள்? கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இன்று இருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது. உப்பும் விறகும் ஏற்றிச் செல்லும் படகுகள் ஓடிய கால்வாயே வழி. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தின்போது, பசித்த ஏழைகளுக்குக் கூலி கொடுத்துச் சென்னை நகரத்துக்குள்ளும் அந்தக் கால்வாயை வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. நோவெடுத்த பெண்ணைப் படகில் கிடத்தி மணிக்கணக்காகக் கழி ஊன்றித் தள்ளிச் சென்றால், பட்டணம் சேருமுன் என்னவெல்லாம் நேர்ந்திருக்கும்! பெரும்பாலோர் புறப்பட்டே இருக்கமாட்டார்கள்.

மேரி முதலில் சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை பழகினார். அது போதாது என்று விரைவில் கண்டுகொண்டார். முழு மருத்துவராகாமல் பயனில்லை. அப்போது சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்தவர் எட்வர்ட் பால்ஃபர். பெண்களுக்கும் மருத்துவக் கல்வி தரவேண்டும் என்பதில் உறுதி கொண்டவர். அவருடைய முயற்சியால் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப்பும், உடன் மூன்று இளம்பெண்களும். இந்தியாவில் வேறெந்த மருத்துவக் கல்லூரியும் அதுவரை பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. கல்கத்தாவில் அது நடக்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. லண்டனிலேயே பெண்கள் பட்டம் பெற முடியாதிருந்த நேரம் அது. சென்னை லண்டனை முந்திக்கொண்டது என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தவறில்லை.

எல்லா ஆசிரியர்களும் முகம் மலர்ந்து வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. வார்டில் நடப்பதைத் தடுக்க முடியாது, ஆனால் கற்றுக்கொடுக்கமாட்டேன் என்ற மனப்பான்மை உடையவர்களும் இருந்தார்கள். வீட்டில் மூன்று குழந்தைகள், கல்லூரியில் உடற்கூறு, ஆஸ்பத்திரியில் நோயாளிகள். மூன்று ஆண்டுகளை இப்படி ஓட்டி, 1878-இல் அவர் தேர்ச்சிச் சான்று பெற்றார். உடனே, கணவரைச் சென்னையில் விட்டுவிட்டு, குழந்தைகளோடு லண்டனுக்குக் கப்பலேறினார்.

அந்த ஆண்டுதான் லண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்கும் வழங்க முன்வந்தது. பெண்களுக்கான லண்டன் மருத்துவப் பள்ளியில் மேரி மறுபடியும் முதலிலிருந்து படித்தார். 1882-இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது மகப்பேற்று மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் உபகாரச் சம்பளமும் அவருக்கே கிடைத்தன. அவரும் எடித் ஷோவ் என்ற தோழியும் லண்டன் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் மருத்துவப் பட்டதாரிகள். முப்பத்தேழு வயதில்! பொதுத் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே களைத்துப்போகும் மாணவிகள் இதைக் கவனிக்க.

அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அம்மையார். இங்கிலாந்தில் படித்து மருத்துவரான முதல் பெண்மணி இவரே. பெண்கள் அறுவை மருத்துவராக வருவது எவ்வளவு கடினமாயிருந்தது என்பதற்கு அவர் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். சினைப்பையில் வளர்ந்த பெரிய கட்டியை அகற்ற வேண்டிய நோயாளி ஒருத்தி அவரிடம் வந்தாள். வயிற்றைத் திறக்கும் அறுவை என்றால் அக்காலத்தில் பாதி மரண தண்டனை. வயிற்றுக்குள் சீழ் பிடித்தால் பிழைப்பதில்லை. நோயாளி இறந்தால் பெண்கள் நடத்தும் ஆஸ்பத்திரிக்கே கெட்ட பெயர் வந்துவிடும் என்று நிர்வாகக் குழுவினர் அஞ்சி அனுமதி மறுத்தார்கள். அம்மையார் தனியார் வீடு ஒன்றில் இடம் பிடித்தார். அதைத் தேய்த்துக் கழுவி, வெள்ளையடித்து, வர்ணம் பூசி, ஒரு தூசு இல்லாதபடி செய்து, அங்கே அறுவையை நடத்தினார். நோயாளி பிழைத்தாள். குழுவினர் வாயடைத்துப் போனார்கள். கத்தியின் கூர்மையைவிட அறையின் சுத்தத்துக்கு அவர் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார் பாருங்கள்.

இந்த அறுவையை உலகில் முதலில் செய்தவர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து நாட்டுப்புற மருத்துவர் எப்ரயிம் மக்டவல். 1809 கிறிஸ்துமஸ் நாட்களில், மயக்க மருந்து என்பதே இல்லாத காலத்தில், அறுபது மைல் குதிரையேறி வந்த ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து சுமார் பத்துக் கிலோ எடையுள்ள கட்டியை அவர் எடுத்தார். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தபோது அவள் எழுந்து நின்று தன் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தாளாம். சீழ் வைக்கவில்லை. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் இந்த அறுவை நடந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்பது சந்தேகமே. ஒரு நோயாளியின் சீழை இன்னொரு நோயாளிக்குக் கொண்டுபோக அங்கே அத்தனை கைகள் இருந்தன.

பட்டம் பெற்ற மேரி, பிரசவ அறுவை முறைகளைப் பழக வியன்னாவுக்குச் சென்றார். செம்மல்வைஸ் அவமதிக்கப்பட்ட அதே நகரம். இதற்குள் அவர் சொன்னது உண்மை என்பது உலகுக்கு விளங்கிவிட்டிருந்தது. 1883-இல் விக்டோரியா மகாராணி மேரியை அழைத்து, இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றி அவர் வாயிலாகவே கேட்டறிந்தார். அதே ஆண்டு மேரி சென்னை திரும்பினார். எந்தக் கல்லூரியில் அரைமனதோடு சேர்த்துக்கொள்ளப்பட்டாரோ, அதே கல்லூரியில் மகப்பேறும் பெண்கள் நோயும் பற்றிக் கற்பிக்கும் விரிவுரையாளரானார்.

கவர்னர் கிராண்ட் டஃப்பும் அவருடைய மனைவியும் ஆதரவு தர, 1885 டிசம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரு தோட்ட வீட்டில் பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. மகாராணியின் பெயரைத் தாங்கி, சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி என்று அழைக்கப்பட்டது. மருத்துவரும் பெண், தாதியரும் பெண்கள். திரைக்குள்ளிருந்து வந்தவர்கள் வெட்கமும் அச்சமும் இன்றிப் படுத்துச் சிகிச்சை பெறும் இடம். பின்னர் வேங்கடகிரி அரசர் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வழங்க, 1890-இல் இப்போதுள்ள திருவல்லிக்கேணி இடத்துக்கு வந்தது.

சாதி என்ற சொல் ஒரு மருத்துவமனையின் பெயரிலேயே இருந்தது நமக்கு இன்று உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். ஏழை மீனவப் பெண்ணும், வயல்வேலை செய்யும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணும் அந்தப் பெயரில் தங்களுக்கு இடம் உண்டு என்று நினைத்திருப்பார்களா? அம்மையார் இருந்த சமூகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்குள் நுழைய ஒரு கதவைத் தேடினார் என்றே சொல்லவேண்டும். அந்தக் கதவு இல்லாமற்போனால் திரைக்குள் இருந்தவர்கள் வந்திருக்கமாட்டார்கள் என்பதும் மெய்தான். பெயரிலிருந்த சாதி போய்விட்டது. சிகிச்சை நின்றது.

வீடு வீடாக நோயாளிகளைப் பார்ப்பது, ஆஸ்பத்திரி, கல்லூரி வகுப்பு, இரவு நேரப் பிரசவ அழைப்பு என்று ஓய்வின்றி உழைத்ததால் உடல்நலம் கெட்டது. 1887-இல் அம்மையார் சென்னையை விட்டு லண்டன் திரும்ப நேர்ந்தது. சென்னைக்கு இது இழப்பு. ஆனால் அவருடைய அறுவைத் திறமை முழுமையாக வெளிப்பட்டது அங்கேதான். 1888-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண்மணியானார். காரெட் ஆண்டர்சன் அம்மையார் நிறுவிய பெண்கள் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்து, 1892-இல் அவருக்குப் பின் தலைமை அறுவை மருத்துவரானார். கருப்பைக் கட்டி, சினைப்பைக் கட்டி எனப் பெண்களின் வயிற்று அறுவைகளில் அவர் கை தேர்ந்தவர் என்று பெயர் பெற்றார். 1902-இல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி அவரைப் பெண்கள் நோய் மருத்துவராக நியமித்தது. ஆண் மருத்துவர்களே கோலோச்சிய ஒரு பொது ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு அப்படிப்பட்ட பதவி அதுவரை கிடைத்ததில்லை.

அந்த ஆண்டுகளில் அறுவை அறையே உருமாறிக்கொண்டிருந்தது. லிஸ்டரின் காலத்தில் அறுவை நடக்கும்போது கார்பாலிக் அமிலத்தைப் புகைபோலக் காற்றில் தெளிப்பார்கள். மருத்துவரின் கண் எரியும், கை மரத்துப்போகும். காற்றிலிருந்து வரும் கிருமியைவிடக் கையும் கருவியும் துணியும் கொண்டுவரும் கிருமியே ஆபத்து என்று தெரிந்ததும் லிஸ்டரே அதைக் கைவிட்டார். புகுந்த கிருமியைக் கொல்வதைவிடப் புகாமலே தடுப்பது மேல் என்ற புதிய நெறி வந்தது. கருவிகளைக் கொதிநீரில் இட்டார்கள். துணிகளையும் கட்டுகளையும் நீராவியில் அவித்தார்கள். அழுக்கேறிய பழைய கோட்டு போய் வெள்ளை அங்கி வந்தது. ரப்பர் கையுறை வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவருக்கு உதவியாயிருந்த தாதியின் கைகள் கிருமிநாசினி மருந்துநீர் பட்டுப் பட்டுப் புண்ணாயின. அவருடைய கைகளைக் காப்பதற்காக மருத்துவர் 1889-90-இல் ஒரு ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறை செய்து வாங்கினார். நோயாளிக்கும் அதனால் நன்மை என்பது பிறகே தெரிந்தது. அந்தத் தாதியையே மருத்துவர் மணந்துகொண்டார் என்பது கதையின் பின்பகுதி.

இவ்வளவு சுத்தம் எதற்கு என்று கேட்கலாம். மற்ற அறுவைகளைவிடப் பெண்களுக்குச் செய்யும் அறுவையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் தோலில் எப்போதும் கிருமிகள் குடியிருக்கின்றன. பிறப்புறுப்பின் வழியிலும், அருகேயுள்ள குடலிலும் வேறு வகைக் கிருமிகள் உள்ளன. அவை தம் இடத்தில் இருக்கும்வரை தீங்கில்லை. கருப்பையை எடுக்கும்போதோ, சிசேரியன் செய்யும்போதோ அந்த வழிகள் திறந்து, அவை உள்ளே புக இடம் கிடைக்கிறது. சர்க்கரை நோய், இரத்தசோகை, அதிக உடற்பருமன் உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும், சீழ் வைக்கும் வாய்ப்பும் கூடும். ஆகவேதான் இன்று தோலில் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்தை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். முடியைச் சவரக் கத்தியால் மழிப்பதையும் தவிர்க்கிறார்கள். மழிக்கும்போது ஏற்படும் நுண்ணிய கீறல்களே கிருமிக்கு வாசலாகிவிடும். தேவைப்பட்டால் வெட்டி மட்டும் விடுவார்கள்.

தாய்மாரும் பெற்றோரும் படிக்கும் மலர் இது என்பதால் இன்னும் சிறிது சொல்லவேண்டும். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. அதன் மருத்துவமனைக்குச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அறுவை முடிந்து சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சீழ் வைப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தெரியவரும். முப்பது நாட்கள் வரை கவனம் வேண்டும். தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சூடு, வீக்கம், குறைய வேண்டிய வலி கூடுவது, நீரோ சீழோ கசிவது, துர்நாற்றம், தையல் விட்டுப்போவது, காய்ச்சல், குளிர் நடுக்கம் இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கருப்பை எடுத்தவர்களுக்கு நாற்றமுள்ள வெள்ளை போனாலும், அடிவயிறு வலித்தாலும் அப்படியே. மஞ்சளையும் சாம்பலையும் எண்ணெயையும் தையல்மேல் பூசக்கூடாது. கட்டைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். மருந்தை எழுதிக் கொடுத்த நாள்வரை சாப்பிடவேண்டும். பெண்கள் தம் வலியைச் சொல்வதில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டும், தண்ணீர்க் குடம் சுமந்துகொண்டும் நாலாம் நாளே வேலையில் இறங்கிவிடுகிறார்கள். வெட்கத்தால் புண்ணைக் காட்டாமல் மறைக்கிறார்கள். ஷார்லீப் அம்மையார் போராடியது இந்த வெட்கத்தோடுதான். மாணவிகளே, வீட்டில் அம்மாவோ சித்தியோ அறுவை முடிந்து வந்திருந்தால், காய்ச்சல் இருக்கிறதா என்று நீங்களாகவே கேளுங்கள்.

அம்மையார் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பெண்கள் தம் உடல்நலத்தைப் பேணும் விதம் பற்றி 1895-இல் ஒரு நூல் எழுதினார். 1891-இல் கணவர் மறைந்த பின்னரும் பணி தளரவில்லை. 1924-இல் தம் வாழ்க்கை நினைவுகளை வெளியிட்டார். 1926-இல் ஆங்கில அரசு அவருக்கு டேம் என்னும் விருதுப் பட்டத்தை அளித்தது.

அவர் சென்னையில் மூட்டிய விளக்கிலிருந்து வேறு விளக்குகளும் ஏற்றப்பட்டன என்று சொன்னால் மிகையல்ல. செங்கற்பட்டிலிருந்து தெற்கே போனால் வரும் திண்டிவனத்தில், 1890-க்குப் பின், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மடிந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் புறப்பட்டவர்தாம் வேலூரின் டாக்டர் ஐடா ஸ்கட்டர். அந்த மூன்று வீட்டாரும் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்தவர்களே. நம் கன்னியர்களுக்கோ வேறொரு தடை இருந்தது. திருச்சபைச் சட்டப்படி துறவறச் சகோதரிகள் மகப்பேற்று மருத்துவம் பார்க்கக்கூடாது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் குண்டூருக்கு வந்த டாக்டர் மேரி குளோரி தனி அனுமதி பெற்றுத் துறவியாகவும் மருத்துவராகவும் பணிபுரிந்தார். 1936-இல்தான் ரோமாபுரி அந்தத் தடையைப் பொதுவாக நீக்கியது. இன்று பிரசவ வார்டில் வெண்ணிற உடையில் ஒரு கன்னிகையைப் பார்ப்பது நமக்குச் சாதாரணம். நூறாண்டுகளுக்கு முன் அது நினைக்கவும் முடியாதது.

டேம் மேரி ஷார்லீப் அம்மையார் 1930 நவம்பர் 21-ஆம் நாள், 85-ஆம் வயதில், லண்டனில் காலமானார். அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அது மருந்தாக நோயாளியின் உடலில் ஏற மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. சல்ஃபா மருந்துகளால் பிரசவ ஜன்னியைக் குணப்படுத்த முடியும் என்று லண்டனில் லியோனார்ட் கோல்புரூக் காட்டியது 1936-இல். ஆக, அம்மையார் தம் ஆயுளில் செய்த அத்தனை அறுவைகளும், சீழ் வைத்துவிட்டால் கொடுக்க ஒரு மருந்தும் இல்லாத காலத்தில் செய்தவை. கழுவிய கை, கொதிக்க வைத்த கருவி, அவித்த துணி, இரவெல்லாம் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும் தாதி, இவைதாம் அவருக்கிருந்த படைக்கலங்கள்.

அவர் தொடங்கிய மருத்துவமனையை 1921-இல் அரசு ஏற்றுக்கொண்டது. நாடு விடுதலை பெற்ற பின் அது அன்னை கஸ்தூர்பாவின் பெயரைப் பெற்றது. இன்று அங்கே பெண் மருத்துவர்களும் ஆண் மருத்துவர்களும் பணியாற்றுகிறார்கள். எல்லாச் சாதிப் பெண்களும், எல்லா மதத்துப் பெண்களும் ஒரே வரிசையில் நின்று சீட்டு வாங்குகிறார்கள்.